புது வாழ்க்கை தொடங்கும் பெண்ணின் கதை: முதல் நாவல் எழுதுபவர்களுக்கு

திருமணம் முறிகிறது, அல்லது வேலை போகிறது, அல்லது அம்மா இறந்துபோகிறாள். நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போகிறாள். அங்கே ஒரு சின்னக் கடை, ஒரு புதுத் தோழி, அதிகம் பேசாத ஓர் ஆண். இப்படி ஒரு கதையை எழுதிவிட வேண்டும் என்று உட்காருபவர்கள் நிறையப் பேர். ஐந்தாறு அத்தியாயத்தோடு நிறுத்திவிடுபவர்களும் நிறையப் பேர்.

அவர்கள் நிற்கிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான். புது ஊருக்கு வந்து சேர்ந்ததும் அவளுக்குச் செய்ய எதுவும் இருப்பதில்லை. பழைய உறவுகளையெல்லாம் முதல் அத்தியாயத்திலேயே கழற்றிவிட்டாயிற்று. இனி அவள் யாரோடு சண்டை போடுவாள்? யாருக்குப் பதில் சொல்வாள்? ஊர் அழகாக இருக்கிறது, கடை திறந்தாயிற்று, கதை மட்டும் நகர மாட்டேன் என்கிறது.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றித்தான் போகும். புது வாழ்க்கை தொடங்கும்போது பழைய வாழ்க்கையிலிருந்து யார் யார் அவளோடு கூடவே வருகிறார்கள்?

எந்தக் கதை என்று முதலில் தீர்மானியுங்கள்

காதல் நாவலும் பெண் மைய நாவலும் அட்டையில் ஒன்றுபோலவே தெரியும். உள்ளே வேறு. காதல் நாவலுக்கு அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் வகுத்த இலக்கணத்தில் இரண்டே அம்சங்கள்: காதலே கதையின் மையமாக இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். பெண் மைய நாவலுக்கு இந்த இரண்டு கட்டாயமும் இல்லை. இதற்கென்றே 2013-இல் அமெரிக்காவில் ஒரு தனிச் சங்கம் தொடங்கினார்கள். நாயகி தனக்கு நிறைவான ஒரு வாழ்க்கையை நோக்கிப் போகும் பயணம்தான் இந்த வகையை ஓட்டுகிறது என்பது அவர்கள் கணக்கு.

உங்கள் கதை எது என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. காதலனைக் கதையிலிருந்து எடுத்துவிடுங்கள். மிச்சம் நிற்கிறதா? நின்றால் இந்த வழிகாட்டி உங்களுக்கு. சரிந்துவிட்டால் நீங்கள் எழுதுவது காதல் நாவல். அதில் ஒரு குறையும் இல்லை, ஆனால் அதற்கு வேறு விதமாகத் திட்டமிட வேண்டும்.

உடைத்தது எது, முடிவெடுத்தது யார்

1967-இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு உளவியல் மருத்துவர்கள் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். மனிதரை அலைக்கழிக்கும் 43 வாழ்க்கை நிகழ்வுகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்தார்கள். வாழ்க்கைத்துணையின் மரணம் 100. விவாகரத்து 73. பிரிந்து வாழ்வது 65. நெருங்கிய உறவினர் மரணம் 63. வேலையிலிருந்து நீக்கப்படுவது 47. திருமணம்கூடப் பட்டியலில் இருக்கிறது, 50 மதிப்பெண்ணோடு. பிரிந்த துணையோடு மறுபடி சேர்வதற்கு 45.

வீடு மாறுவதற்கு எவ்வளவு தெரியுமா? 20. நாவலாசிரியர் கவனிக்க வேண்டியது அதைத்தான். புது ஊர் என்று நாம் அத்தியாயக் கணக்கில் எழுதித் தள்ளும் விஷயம் பட்டியலில் எங்கேயோ கீழே கிடக்கிறது. மேலே இருப்பவை எல்லாம் பெரும்பாலும் ஆட்களைப் பற்றியவை.

பட்டியலிலிருந்து ஒரு பெரிய நிகழ்வை எடுங்கள், அதன் பக்கத்தில் ஒரு சின்ன நிகழ்வை வையுங்கள். அது போதும். விவாகரத்து, புற்றுநோய், வேலையிழப்பு, தங்கையின் துரோகம் என்று முதல் ஐம்பது பக்கத்திலேயே எல்லாவற்றையும் கொட்டினால், வாசகருக்கு எதற்காக வருந்துவது என்றே தெரியாமல் போகும்.

அடுத்தது, முடிவெடுத்தது யார்? இதை மேலோட்டமாக விட்டுவிடாதீர்கள். விட்டுப் போகப்பட்டவளுக்கு முதலில் வருவது அவமானம். தனக்கு என்ன தெரியாமல் போயிற்று என்று துருவிக்கொண்டே இருப்பாள். தானே விட்டு வந்தவளுக்குக் குற்ற உணர்வு. கேட்பவருக்கெல்லாம் காரணம் சொல்ல வேண்டிய நிலை. கணவனை இழந்தவளுக்குக் கோபப்படக்கூட எதிரே ஆள் இல்லை. மூன்றும் மூன்று நாவல்கள்.

இனி வரும் எடுத்துக்காட்டுகளுக்காக ஒருத்தியை உருவாக்கிக்கொள்வோம். நிர்மலா, வயது 47. இருபத்து மூன்று வருடத் திருமணத்தை விட்டு அவளாகவே வெளியே வந்திருக்கிறாள். ரகு கெட்டவன் இல்லை, அடித்ததில்லை, வேறு பெண்ணும் இல்லை. அதுவே அவளுக்குச் சிக்கல், ஏனென்றால் யாரிடமும் சொல்லிக் காட்ட ஒரு காரணம் கிடையாது. அக்கா சுமதி வீட்டு மாடி அறைக்கு வந்திருக்கிறாள். அந்த வீட்டில்தான் ஞாபகம் குறைந்துகொண்டே வரும் அப்பாவும் இருக்கிறார். மகள் ஓவியாவுக்கு வயது 19, வெளியூரில் படிக்கிறாள், அம்மாவின் அழைப்புகளைப் பாதி நேரம் எடுப்பதில்லை.

உறவுப் படம் வரையுங்கள்

குடும்ப ஆலோசகர்கள் பயன்படுத்தும் ஒரு வரைபடம் உண்டு. மூன்று தலைமுறையை ஒரே தாளில் கொண்டுவந்துவிடலாம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். கணவன் மனைவியை இணைக்கும் கோட்டில் ஒரு சாய்கோடு போட்டால் பிரிந்திருக்கிறார்கள், இரண்டு போட்டால் விவாகரத்து. இறந்தவர்மேல் பெருக்கல் குறி. ஓயாமல் மோதிக்கொள்பவர்களுக்கு இடையே மடங்கி மடங்கிப் போகும் கோடு. உங்கள் நாயகியின் குடும்பத்தை இப்படி வரைந்து பாருங்கள். அரை மணி நேர வேலை. கதைக்கு எந்த உதவியும் செய்யாத சித்தப்பாக்கள் அங்கேயே கழன்றுகொள்வார்கள்.

வரைந்த பிறகு முக்கோணங்களைத் தேடுங்கள். அமெரிக்க மனநல மருத்துவர் முர்ரே பவன் குடும்பங்களைப் பற்றிச் சொன்னவற்றில் எழுத்தாளருக்கு மிகவும் உதவுவது இதுதான். இரண்டு பேருக்கு இடையே இறுக்கம் கூடும்போது மூன்றாவது ஆளை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். கணவனிடம் சொல்ல முடியாததை மகளிடம் சொல்வது, தம்பியிடம் கேட்க வேண்டியதை அம்மா வழியாகக் கேட்பது, எல்லாமே முக்கோணம்தான். இரண்டு பேர் மட்டும் பேசும் காட்சி சப்பென்று இருந்தால், அந்த அறையில் இல்லாத மூன்றாவது ஆள் யார் என்று கேளுங்கள்.

அப்புறம் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்: இவள் மாறினால் இவருக்கு என்ன போகும்? நாவலின் பாதிச் சரக்கு இந்த வரிகளில் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். சுமதி நான்கு வருடமாக அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள். இப்போது சின்னவள் வந்ததும் அப்பா முகம் மலர்கிறது. இத்தனை நாள் பாடுபட்டவளுக்கு அது எப்படி இருக்கும்? ஓவியாவுக்கு விடுமுறையில் திரும்பி வர ஒரு வீடு இருந்தது, இனி அது இல்லை. ரகுவுக்கு? அவன் சாப்பிட வேண்டிய மாத்திரையின் பெயரும், நண்பர்களின் பிள்ளைகள் பெயரும் நிர்மலாவுக்குத்தான் தெரியும். அவன் வாழ்க்கையை ஞாபகம் வைத்திருந்த ஆள் போய்விட்டாள். இப்படி எழுதிப் பார்த்தால் வில்லன் என்று ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். குடும்ப நாவலுக்கு வில்லன் தேவையும் இல்லை. அவரவர் பக்கம் நியாயத்தோடு நான்கு பேர் மோதிக்கொண்டால் போதும்.

எங்கே தொடங்குவது

திருமண நாளிலிருந்து தொடங்காதீர்கள். காலையில் கண்விழித்துக் கண்ணாடி பார்ப்பதிலிருந்தும் வேண்டாம். உடைவு நடந்து முடிந்த சில நாட்களுக்குள், பழைய வாழ்க்கை இன்னும் முழுசாகப் போகாத ஒரு நேரத்தில் கதவைத் திறங்கள். எடுத்துக்காட்டாக:

நிர்மலா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது அப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாப்பிள்ளை வரலையாம்மா?”

முதல் இரண்டு நாள் உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுச் செய்தி. ஒவ்வொரு முறையும் அழுதார்.

“வேலை இருக்காம்ப்பா. நாளைக்கு வருவாரு.”

உள்ளே சுமதி ஒரு பாத்திரத்தைக் கொஞ்சம் ஓங்கியே வைத்தாள்.

“நீ பாட்டுக்குச் சொல்லிடற. நாளைக்குக் கேட்டா யாரு பதில் சொல்றது, நான்தானே?”

இதில் விவாகரத்து என்ற சொல்லே வரவில்லை. அப்பாவுக்கு ஞாபகம் போகிறது என்றோ, அக்காவுக்கு எரிச்சல் என்றோ விளக்கம் கிடையாது. இருந்தும் எல்லாம் வந்துவிட்டது. கூடவே ஒரு பொய்யும் உள்ளே நுழைந்துவிட்டது, அது இனி சும்மா இருக்காது.

ஆள் எதிரே இருந்தும் அவர் பழையபடி இல்லாமல் போவதையும், ஆள் இல்லாமல் போயும் என்ன ஆனார் என்று தெரியாமல் இருப்பதையும் பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் ‘தெளிவற்ற இழப்பு’ என்று தனியாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். மறதி நோயில் கரைந்துபோகும் பெற்றோர் ஒரு வகை. எங்கே போனார் என்றே தெரியாமல் காணாமல் போனவர் இன்னொரு வகை. சடங்கும் கிடையாது, முடிவும் கிடையாது. மரணத்தை மட்டுமே இழப்பாக எழுதிப் பழகியவர்கள் இந்தப் பக்கமும் பார்க்கலாம்.

பழங்கதைக்கு ஒரே விதிதான். இப்போது நடக்கும் காட்சிக்கு எது தேவையோ அதை மட்டும், இரண்டு மூன்று வரியில் சொல்லுங்கள். ரகுவை எப்படிச் சந்தித்தாள் என்பது மூன்றாவது அத்தியாயத்தில் வேண்டியதில்லை. அவன் வாசலில் வந்து நிற்கும்போது சொன்னால் அதற்கு எடை இருக்கும்.

சண்டைக் காட்சிகள்

புதியவர்கள் எழுதும் சண்டைகளில் எல்லோரும் வக்கீல் மாதிரி பேசுகிறார்கள். “நீ என்றைக்காவது என் உணர்வுகளைப் பற்றி யோசித்திருக்கிறாயா அம்மா? இருபத்து மூன்று வருடம் அப்பாவோடு வாழ்ந்துவிட்டு இப்போது உன் சுதந்திரம்தான் பெரிதாகப் போய்விட்டதா?” என்று ஓவியா கேட்டால், அதற்கப்புறம் வாசகர் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. வீட்டில் யாரும் இவ்வளவு ஒழுங்காகச் சண்டை போடுவதும் இல்லை.

தம்பதிகளின் சண்டையைப் பல பத்தாண்டுகள் ஆய்வு செய்த ஜான் காட்மன், உறவை அரிக்கும் நான்கு பழக்கங்களைச் சொல்கிறார். ஆளையே குறை சொல்வது, ஏளனம், தற்காப்பு, பேசாமல் சுவராகிவிடுவது. நான்கில் மோசமானது ஏளனம். பிரிவை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பதில் அதற்குத்தான் முதலிடம் என்கிறார். எழுத்தாளருக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இதில் எது சுபாவம் என்று முன்பே தீர்மானித்துவிட்டால், யார் என்ன பேசுவார் என்பது தானாக வரும். சுமதி குறை சொல்பவள். நிர்மலா உடனே தற்காப்புக்குப் போய்விடுவாள். ரகு சுவர். ஓவியா அப்பாவின் மகள்.

காட்மன் இன்னொன்றையும் கவனித்தார். சண்டைக்கு நடுவிலேயே யாராவது ஒருவர் சமாதானத்துக்குக் கையை நீட்டுகிறார். ஒரு சின்ன நகைச்சுவை, சம்பந்தமில்லாத ஒரு கேள்வி, ஏதோ ஒன்று. எதிராளி அதைப் பிடித்துக்கொள்கிறாரா, விட்டுவிடுகிறாரா என்பதில்தான் எல்லாம். ஓவியாவின் அதே கோபத்தை இப்படி எழுதிப் பார்க்கலாம்:

“என் ரூம்ல இருந்த புக்ஸெல்லாம் எங்க?”

“பெட்டியில போட்டு வச்சிருக்கேன். பத்திரமா இருக்கு.”

“யாரு போடச் சொன்னது?”

“இல்லடா, வீட்டைக் காலி பண்ணும்போது அப்பாதான்…”

“நான் உன்னைக் கேட்டேன்.”

கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் சத்தம் இல்லை.

“சாப்டியா?”

“வைக்கிறேன்.”

“சாப்டியா” என்பது நீட்டிய கை. மகள் அதைப் பிடிக்கவில்லை. நாவலின் கடைசிப் பகுதியில் இதே மாதிரி ஓர் அழைப்பு வந்து, மகள் “ம், சாப்டேன்” என்று சொன்னால்கூட வாசகருக்கு அது பெரிய விஷயம். அதற்கு மேல் மன்னிப்புப் பேச்சு எதுவும் வேண்டாம்.

எழுதி முடித்ததும் உரையாடலை வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் நாக்கு தடுக்கும் இடத்தில் பாத்திரம் பேசவில்லை, நீங்கள் பேசுகிறீர்கள்.

நடுப்பகுதி தொய்ந்தால்

தொய்வுக்கு மருந்தாகப் புது ஆட்களைக் கொண்டுவராதீர்கள். முதல் அத்தியாயத்தில் போட்டதையே முறுக்குங்கள். நிர்மலா சொன்ன பொய் இருக்கிறதே, அதை எடுங்கள். அப்பா தினமும் கேட்கிறார், ஒரு கட்டத்தில் சாப்பிட மறுக்கிறார். நிர்மலா ரகுவுக்கே போன் செய்து ஒரே ஒரு தடவை வந்து போகச் சொல்கிறாள். அவனும் வருகிறான். அப்பாவுக்கு ஏக சந்தோஷம். சுமதிக்கு இது நாடகம். விஷயம் தெரிந்த ஓவியாவுக்கு அம்மாவும் அப்பாவும் சேர்ந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை முளைக்கிறது. ரகுவுக்கும்தான். ஒரு பொய், நான்கு பேர் வாழ்க்கையில் நான்கு விதமாக வெடிக்கிறது. இதைச் செய்தது நிர்மலா என்பதைக் கவனியுங்கள். விபத்தோ தற்செயலோ இல்லை. புது வாழ்க்கைக் கதையில் நாயகி மற்றவர்கள் செய்வதற்கெல்லாம் ஆளாகிக்கொண்டே இருந்தால், அவள் எதையும் தொடங்கவே இல்லை என்றாகிவிடும்.

துக்கத்தைப் படிப்படியாக ஏற்றிச் செல்லும் பழக்கமும் நடுப்பகுதியைக் கெடுக்கிறது. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்து நிலைகளை எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் எழுதியது, தாங்களே இறந்துகொண்டிருந்த நோயாளிகளோடு பேசிப் பார்த்து. அதை இழப்பை அனுபவிக்கும் எல்லோருக்கும் வரிசை மாறாத அட்டவணையாக ஆக்கியது பிற்பாடு நடந்தது. உங்கள் நாயகி காலையில் ஏற்றுக்கொண்டு மாலையில் மறுக்கலாம்.

புது ஆண்

வரட்டும். ஆனால் கதையில் பாதி தாண்டட்டும். அவனுக்கும் ஓர் அம்மா, ஒரு கடன், ஒரு பிடிவாதம் என்று ஏதாவது கொடுங்கள். அவளுடைய பிரச்சினை எதையும் அவன் தீர்த்துவைக்கக் கூடாது. உடைந்த குழாயை வேண்டுமானால் சரிசெய்யலாம்.

சில்லறை விஷயங்கள்

வாடகை யார் கட்டுகிறார்கள்? கூட்டு வங்கிக் கணக்கில் யார் பெயர் இன்னும் இருக்கிறது? அவள் எந்தக் கட்டிலில், யாருடைய பழைய போர்வையில் படுக்கிறாள்? பழைய வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தாளா? வாசகர் நம்புவது இவற்றைத்தான். புது வேலைக்கான விண்ணப்பத்தில் ‘அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் அவள் யார் பெயரை எழுதுகிறாள் என்று யோசித்தாலே ஒரு காட்சி கிடைக்கும்.

விவாகரத்து, சொத்து, பிள்ளைகளின் பொறுப்பு ஆகியவற்றில் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. கதை நடக்கும் இடத்தின் நடைமுறையையும் அதற்கு ஆகும் காலத்தையும் விசாரித்துவிட்டே எழுதுங்கள். ஒரே வாரத்தில் தீர்ப்பு வாங்கிக் கொடுத்தால், அந்த வழியாக நடந்துவந்த வாசகி அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவாள். சொந்தக் குடும்பத்துக் கதையை எடுப்பவர்கள் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. தொழில், ஊர், பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் கலைத்துவிடுங்கள்.

முடிவு

எல்லா முடிச்சும் அவிழ வேண்டியதில்லை. உறவுப் படத்தை மறுபடி எடுத்து, இப்போது எந்தக் கோடு மாறியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு கோடு மாறியிருந்தால் தாராளம். தொடக்கத்தில் கேட்ட கேள்வி திரும்ப வரும்போது அவள் வேறு பதில் சொல்ல வேண்டும், அல்லது அதே பதிலை வேறு மனதோடு சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்லி அப்பாவை மறுபடி அழவைப்பதா, பொய்யோடு வாழ்வதா என்பதில் சரியான விடை என்று ஒன்று இல்லை. நிர்மலா இதை சுமதியோடு உட்கார்ந்து பேசி முடிவெடுத்தாள் என்பது மட்டும் புதிது. அந்த இருவருக்கும் இடையே அதுவரை நடக்காதது அது.

எழுதி முடிக்கவும் அனுப்பவும்

ஆங்கிலத்தில் இந்த வகை நாவல்கள் பெரும்பாலும் 80,000 முதல் 1,00,000 சொற்கள் வரை இருக்கும். தமிழில் வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே கதை கணிசமாகக் குறைந்த சொற்களில் முடிந்துவிடும். அந்த எண்ணை அப்படியே இலக்காக வைத்தால் தேவையில்லாமல் இழுப்பீர்கள். 60,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 500 சொல் எழுதினால் 120 நாள். முதல் வரைவு முடியும் வரை திரும்பிப் போய்த் திருத்த வேண்டாம். மாற்றத் தோன்றுவதைத் தனித்தாளில் குறித்துவைத்துவிட்டு முன்னால் போங்கள்.

முடித்ததும் சில வாரம் மூடிவையுங்கள். பிறகு ஒவ்வொரு காட்சிக்கும் எதிரே, இதில் யாருக்கும் யாருக்கும் நடுவே என்ன மாறியது என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத முடியாத காட்சியை நீக்குங்கள். அழகான மழைக் காட்சிகள்தான் முதலில் போகும். கொஞ்சம் வலிக்கும், போகட்டும்.

முதல் வாசகர்களாக உங்கள் வீட்டு ஆட்கள் வேண்டாம். அவர்கள் கதையைப் படிக்க மாட்டார்கள், தங்களைத் தேடுவார்கள். இந்த வகை நாவல்களை விரும்பிப் படிக்கும் மூன்று பேர் போதும். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள், யார்மேல் கோபம் வந்தது என்று கேளுங்கள். மூவருக்கும் கோபம் ஒரே ஆள்மேல் வந்திருந்தால், அந்த ஆளுக்கு நீங்கள் நியாயம் செய்யவில்லை. உறவுப் படத்தில் அவர் பெயருக்கு எதிரே எழுதிய வரியை மறுபடி படித்துவிட்டு, அவர் வரும் காட்சிகளை அவர் பக்கமிருந்து ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

பதிப்பகத்துக்கு அனுப்பும் கதைச் சுருக்கத்தில் முடிவை மறைக்காதீர்கள். “இறுதியில் நிர்மலா என்ன செய்தாள்?” என்று கேள்விக்குறியோடு நிறுத்துவது பின்னட்டைக்குச் சரி. படித்துத் தேர்வுசெய்யும் ஆசிரியருக்கு அவள் என்ன செய்தாள் என்பது தெரிந்தாக வேண்டும்.